உடுக்கை சத்தத்த கம்ப்யூட்டர்ல ஆராயோணும்னா எந்த டிபார்ட்மெண்ட்டுக்கு போறதுங்க?

பெருந்துறை_ஈசிஇ:
வணக்கமுங்க எல்லாத்துக்கும். பெருந்துறைப் பக்கம் ஒரு காலேஜ்ல ஈசிஇ கடைசி வருசமுங்க. உடுக்கை அடிய கம்ப்யூட்டரே கேட்டு பிரிச்சு சொல்ற மாதிரி ஒரு ப்ராஜெக்ட் பண்ணலாம்னு போனா, "இது நம்ம சப்ஜெக்டே இல்ல, பாட்டு கூத்துன்னா மியூசிக் காலேஜுக்கு போ, இல்லாட்டி பேசாம இலை நோய் கண்டுபிடிக்கிற இமேஜ் ப்ராசஸிங் எடுத்துக்கோ"ன்னுட்டாங்க. மியூசிக் படிக்கிற ஒறம்பரை ஒருத்தர கேட்டா அவரு "கம்ப்யூட்டருக்கும் எங்களுக்கும் என்னடா சம்பந்தம்"ங்கறாரு. நடுவுல நான் நிக்கறேன்.

இதுவரைக்கும் பண்ணுனது: மாமன் ஊரு நோம்பில எடுத்தது, வாட்ஸ்அப் குரூப்புல வந்ததுன்னு கெடச்ச கிளிப்ப எல்லாம் 1 செகண்ட் துண்டா வெட்டி, டம், டிம், டக்குன்னு மூணு லேபிள் போட்டு, லிப்ரோசாங்கற ஆடியோ சாஃப்ட்வேர்ல எம்எஃப்சிசி, அதாவது சத்தத்தோட தன்மைய சொல்ற எண்கள எடுத்து, உதாரணத்த பாத்து கத்துக்கற ஒரு சின்ன நியூரல் நெட்வொர்க்குக்கு குடுத்திருக்கறனுங்க. டெஸ்ட்ல அக்யூரசி அள்ளுது. ஆனா வேற ஊரு கிளிப் ஒண்ண போட்டா முச்சூடும் டக்கு டக்குங்குது. இப்படி ஒரு படிப்பே இருக்குதாங்க, இல்ல நாந்தான் சும்மா அலையறனா?

ஃபூரியர்_கோவை:
தம்பி, இருக்குது, நல்லாவே இருக்குது. சவுண்ட் அண்ட் மியூசிக் கம்ப்யூட்டிங்னே பேரு, அந்தப் பேர்லயே 2004ல பாரிஸ்ல ஒரு மாநாடு ஆரம்பிச்சு இன்னும் நடக்குது. அதுக்கு முன்னாடியே 2000ல இஸ்மிர்னு ஒண்ணு தொடங்குனாங்க, பாட்டுல இருந்து தகவல் எடுக்கறதுக்குன்னே, அது 2022ல நம்ம பெங்களூருலயே நடந்துச்சு. "நம்ம சப்ஜெக்ட் இல்ல"ன்னு சொன்னவருகிட்ட இதையும் சொல்லுங்க: 1957ல கம்ப்யூட்டர்ல பாட்டு வாசிக்க புரோகிராம் எழுதுன மேக்ஸ் மேத்யூஸ் பெல் லேப்ஸ்ல, அதாவது டெலிபோன் கம்பெனி ஆராய்ச்சிக் கூடத்துல வேலை பாத்த இன்ஜினியர். இது ஈசிஇக்காரன் மடியில பொறந்த புள்ளை. எதுத்தாப்புல பாத்தா ஒரு அலையால இன்னொரு அலைய ஆட்டி புதுப் புதுச் சத்தம் உண்டாக்கற எஃப்எம் சிந்தசிஸ் கண்டுபிடிச்ச ஜான் சௌனிங் இசையமைப்பாளர், ஸ்டான்ஃபோர்டுல 1967ல கண்டுபிடிச்சாரு, அத யமஹா லைசென்ஸ் வாங்கி 1983ல டிஎக்ஸ்7 கீபோர்டா வித்தான். ஆக ரெண்டு பக்கத்து ஆளும் அடுத்த பக்கத்துக்குள்ள புகுந்து வேலை செஞ்சதுதான் இந்த சப்ஜெக்ட்டோட கதையே.

நம்ம இசைக்குன்னா பார்சிலோனால சேவியர் செர்ரா நடத்துன காம்ப்மியூசிக் ப்ராஜெக்ட் பாருங்க, 2011ல இருந்து 2017 வரைக்கும் போச்சு, ஐரோப்பியக் காசு. கர்நாடகம், இந்துஸ்தானி, துருக்கி மக்காம், சீன ஓபரா, அரபு ஆண்டலூசிய இசை அஞ்சும் எடுத்துட்டாங்க. ஐஐடி மெட்ராஸ்ல ஹேமா மூர்த்தி குழு அதுல இருந்துச்சு. உங்களுக்கு நேரா ஆகற பேப்பர் 2013ல வந்த மிருதங்க அடி பிரிக்கறது. அதோட மொத ஆசிரியர் அக்ஷய் அனந்தபத்மநாபன் மிருதங்கம் வாசிக்கிறவரு. அத நல்லா கவனிங்க.

இப்ப உங்க டக்கு டக்கு. ஒரே கிளிப்ப துண்டு துண்டா வெட்டி, அதுல பாதிய ட்ரெயினிங்லயும் மீதிய டெஸ்ட்லயும் போட்டிருப்பீங்க. மாடல் உடுக்கைய கத்துக்கல, மாமன் ஊரு மைக்கையும் பின்னால ஓடுன ஜெனரேட்டரையும் கத்துக்கிச்சு. பாப் ஸ்டர்ம்னு ஒருத்தர் 2014ல இதுக்குன்னே எழுதுனாரு, நல்லா மார்க்கு வாங்குற சிஸ்டம் குதிரையா இல்லையான்னு எப்படி கண்டுபிடிக்கறதுன்னு. குதிரைன்னா ஜெர்மனில 100 வருசத்துக்கும் மேல முன்னாடி கணக்கு போடுதுன்னு ஊரே கூடி பாத்துச்சே அந்தக் குதிரை, அது கணக்கு போடல, கேள்வி கேக்கறவரு மூஞ்சிய பாத்து குளம்ப தட்டுச்சு. டெஸ்டுக்கு வேற ஊரு, வேற ஆளு, வேற மைக் வைங்க, அப்பத்தான் உண்மை தெரியும்.

வெட்டிப்பேச்சு:
குதிரைக்கு இருந்த அறிவு எங்க காலேஜ்ல பாதிப் பேருக்கு இல்லீங்க. வைவால வாத்தியார் மூஞ்சிய பாத்தே பாஸானவன் நானு.

காங்கேயம்_உடுக்கடி:
தம்பி, நான் கதை படிக்கிறவன், எங்கய்யன் காலத்துல இருந்து உடுக்கைதான் பொழப்பு, பையன்தான் இத காட்டி டைப் பண்றான். டம், டிம், டக்குன்னு மூணு பேரு வெச்சீங்களே, யாரு சொன்னா உங்களுக்கு மூணுன்னு? உடுக்கைல வலக்கை வெரலு அடிக்கறது பாதிதான் சாமி. இடக்கை இடுப்புல, கயித்த புடிச்சிருக்குதே, அதுதான் பேசற கை. அடிச்சு முடிஞ்சதுக்கு அப்பறம் கயித்த அழுத்துனா சத்தம் மேல ஏறும், விட்டா எறங்கும். ஒரே அடி, ஆனா "உம்ம்"னு வளைஞ்சு போகும், அத நீங்க வெட்டுனீங்கன்னா மொத பாதி டம்முன்னும் பின் பாதி டிம்முன்னும்தான் கேக்கும். அது ரெண்டில்ல, ஒண்ணு.

இன்னொண்ணு. நாங்க படிக்கிற அண்ணன்மார் கதைல சங்கர் கோவமா பேசறப்ப அடி ஒரு மாதிரி, அவன் தங்கச்சி தங்காள் அழுகறப்ப வேற மாதிரி. பாட்டு நின்னு பேச்சு வர்றப்ப உடுக்கை சும்மா இருக்காது, மூச்சு விடற எடத்துல ஒரு அடி, அடுத்த ஆளு பேச வர்றான்னு ஒரு அடி. கதை படிக்கிறவன் மூச்சு தெரியாம உடுக்கைய மட்டும் தனியா வெச்சு என்னத்த கண்டுபிடிப்பீங்க?

பெருந்துறை_ஈசிஇ:
ஐயா வணக்கமுங்க. லேபிள் நானும் ஹாஸ்டல் பசங்களும் கேட்டு கேட்டு போட்டதுங்க. யாருமே உடுக்கைய கைல தொட்டதில்ல.

ஃபூரியர்_கோவை:
ஐயா சொன்னத அப்படியே சிக்னல் பாஷைல சொல்லிடறேன், ஏன்னா இந்தப் ப்ராஜெக்ட்டோட மொத்த விசயமும் அதுலதான் இருக்குது. லிப்ரோசா நீங்க ஒண்ணும் சொல்லாட்டி ஆடியோவ 22,050 ஹெர்ட்ஸுக்கு, அதாவது செகண்டுக்கு 22,050 சாம்பிளுக்கு, குறைச்சுப்போடும். அதுல ஒரே தடவைல பாக்கற துண்டு, அதாவது ஜன்னல், 2048 சாம்பிள்னா 93 மில்லிசெகண்ட். அந்த 93 மில்லிசெகண்டுக்குள்ள ஐயாவோட இடக்கை அழுத்தி விட்டே முடிச்சிருக்கும், உங்களுக்கு எல்லாம் கலந்து ஒரே கூழாத்தான் கெடைக்கும். ஜன்னல 512ஆ குறைச்சா 23 மில்லிசெகண்டு, எப்ப நடந்துச்சுங்கறது தெளிவா தெரியும், ஆனா 43 ஹெர்ட்ஸுக்கு கிட்டக்கிட்ட இருக்கற ரெண்டு சுதி ஒண்ணாயிரும். நேரம் வேணும்னா சுதி மங்கும், சுதி வேணும்னா நேரம் மங்கும், இத எந்த ஜிபியு வாங்கியும் தாண்ட முடியாது. அதனால எது முக்கியம்ங்கறத வாசிக்கிறவருகிட்ட கேட்டுத்தான் நீங்க ஜன்னல் அளவே முடிவு பண்ணோணும். எம்எஃப்சிசி வேற சுதிய மழுங்கடிக்கறதுக்குன்னே பேச்சுக்காக செஞ்ச அளவு, வளைவ புடிக்க அது ஆகாது. சுதி எப்படி நகருதுன்னு கோடா எடுங்க, சுதிய தேடிப் புடிக்கற பியின் மாதிரி ஒரு முறைய போட்டு பாருங்க.

தாளம் கண்டுபிடிக்கறதும் அப்படித்தான். லிப்ரோசா பீட் ட்ராக்கர் நிமிசத்துக்கு 120 அடின்னு நெனச்சுக்கிட்டுத்தான் தேடவே ஆரம்பிக்கும், தாளம் பாட்டு முழுக்க ஒரே சீரா இருக்கும்னு நம்பும். புலம்பல்ல இழுத்து இழுத்து வர்றத அது புரிஞ்சுக்காது.

காங்கேயம்_உடுக்கடி:
கயித்த எவ்வளவு அழுத்துனா எவ்வளவு ஏறும்னு கணக்கு இருக்குதுங்களா? சின்ன உடுக்கைல சீக்கிரம் ஏறுது, பெருசுல கை வலிக்குது.

ஃபூரியர்_கோவை:
இருக்குதுங்கய்யா. தோல் எவ்வளவு இழுவைல இருக்குதோ அதோட வர்க்கமூலம் அளவுக்குத்தான் சுதி ஏறும். அதாவது சத்தம் ஒரு ஸ்தாயி மேல போகோணும்னா இழுவை நாலு மடங்கு வேணும். கை வலிக்கறதுல ஆச்சரியமே இல்லீங்க. அதுபோக, வெறும் வட்டத் தோலு அடிச்சா வர்ற சத்தங்க 1, 1.59, 2.14, 2.30ன்னு ஒண்ணுக்கொண்ணு ஒட்டாம போகும், அதனாலதான் பறைல சுதி நிக்கறதில்ல. மிருதங்கத்துல நடுவுல கரணைன்னு கருப்பா ஒரு பூச்சு போடறாங்களே, அந்தக் கனத்தாலதான் அது 1, 2, 3, 4, 5ன்னு வீணைக் கம்பி மாதிரி வரிசைக்கு வருது. இத சி.வி.ராமன் 1920லயே நேச்சர் பத்திரிகைல எழுதிட்டாரு. நான் சொன்ன 2013 மிருதங்கப் பேப்பரும் ராமன் புடிச்ச அந்த அஞ்ச வெச்சுத்தான் அடியப் பிரிக்குது. உடுக்கைல கரணையும் இல்ல, சுதியும் ஒரு எடத்துல நிக்காது, அதனால அதே வழி அப்படியே செல்லாது, நீங்க புதுசாத்தான் யோசிக்கோணும். ப்ராஜெக்ட்டுக்கு இதவிட நல்ல காரணம் என்ன வேணும்.

கணபதி_பம்ப்செட்:
தம்பி, பாட்டு பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது, பம்ப் டெஸ்டிங்ல இருக்கறேன். ஆனா நீ படிக்கிறதுதான் எங்களுக்கும் வேணும். எங்க பழைய மேஸ்திரி ஒரு நீளமான ஸ்க்ரூ டிரைவர பேரிங் மேல வெச்சு, கைப்புடிய காதுல அமுத்தி வெச்சுக்கிட்டு கண்ண மூடுவாரு, "இது ஆறு மாசம் தாங்காது, கழட்டு"ம்பாரு. கழட்டுனா உள்ள பள்ளம் விழுந்திருக்கும். அவரு ரிடையர் ஆனதுக்கப்பறம் வைப்ரேசன் மீட்டர் வாங்குனோம், மீட்டரு நம்பர் சொல்லுது, என்ன கோளாறுன்னு சொல்ல மாட்டேங்குது.

2880 ஆர்பிஎம் மோட்டார்னா செகண்டுக்கு 48 சுத்து. இம்பெல்லர்ல 6 எறகு இருந்தா 288 ஹெர்ட்ஸ்ல ஒரு ஊளை வரும், அது சாதாரணம். கரண்டால வர்ற 100 ஹெர்ட்ஸ் முனகலும் சாதாரணம். கேவிடேசன், அதாவது தண்ணிக்குள்ள ஆவிக் குமிழி உண்டாகி உடையறது, ஆச்சுன்னா உள்ள ஜல்லிய போட்டு ஆட்டுன மாதிரி எல்லா ஹெர்ட்ஸ்லயும் பரவி வரும், அதான் வெவகாரம். ஜப்பான்ல ஹிட்டாச்சி 2019ல பம்ப், ஃபேன், வால்வு சத்தமெல்லாம் பதிவு பண்ணி யாரு வேணும்னாலும் எடுத்துக்கங்கன்னு நெட்ல போட்டுட்டான். 2020ல இருந்து டிகேஸ்ங்கற சத்தம் கண்டுபிடிக்கற போட்டில அந்த மாதிரி மெசின் சத்தத்துக்குன்னே ஒரு பிரிவு நடக்குது. கெட்டுப்போன பம்பு சத்தம் எவனுகிட்டயும் நெறைய இருக்காது, அதனால நல்ல சத்தத்த மட்டும் கத்துக்குடுத்து, மாறுனா கண்டுபிடின்னு விடறாங்க. உன்ற டீம்ல யாராவது இந்தப் பக்கம் வந்தா வேலை இருக்குது, சொல்லிட்டேன்.

வெட்டிப்பேச்சு:
உடுக்கைல ஆரம்பிச்சு பம்புசெட்ல வந்து நிக்குது, கோயமுத்தூருன்னு நிரூபிச்சுட்டீங்க. அடுத்து கிரைண்டர் வரும் பாருங்க.

சோமனூர்_தறிவீடு:
கிரைண்டர் இல்லீங்க, தறி வருது. எங்க வீட்டுலயே பவர்லூம் ஓடுது, நான் ஆடியாலஜி முடிச்சிட்டு காது டெஸ்ட் பண்ற வேலைல இருக்கறேன். தறி ஓட்டறவங்களுக்கு நூலு அறுந்தா கண்ணால பாக்கறதுக்கு முன்னாடி காதுல தெரிஞ்சிரும், சத்தத்துல ஒரு சின்ன நொண்டல் வரும், அவ்வளவு கூச்சல்லயும் அத புடிச்சிடுவாங்க. அதே ஆளு எங்கிட்ட டெஸ்டுக்கு வந்தா 4000 ஹெர்ட்ஸ் கிட்ட காது கேக்கற திறன் கீழ விழுந்திருக்கும். ஃபேக்டரி விதிப்படி 8 மணி நேரத்துக்கு 90 டெசிபல்தான், 95 ஆனா 4 மணி நேரம்தான், நம்மூர்ல 12 மணி நேர ஷிப்ட்டு ஓடுது. "ச", "ஸ", "த" கேக்காது, ஆனா தறி நொண்டறது கேக்குது. ஏன்னு கேட்டா அந்த நொண்டல் தாளத்துல வர்றது, 4000 ஹெர்ட்ஸ்ல இல்ல. இதையெல்லாம் யாரும் சேத்து வெச்சு படிக்க மாட்டேங்கறாங்க. இன்ஜினியர் மெசின பாக்கறாரு, நாங்க காத பாக்கறோம்.

உடுக்கடி ஐயா, ஜமாப், பறை அடிக்கிற பசங்களுக்கும் இதே 4000 பிரச்சனை வரும், கோவிச்சுக்காம காதுக்கு ப்ளக் வெச்சுக்க சொல்லுங்க.

நாட்டார்வழி:
எல்லாரும் நல்லா சொல்றீங்க, ஆனா ஒரு விசயம் விட்டுப்போகுது. நான் நாட்டார் வழக்காறு படிச்சவன். மானுடவியல் ஆராய்ச்சிக்கு வந்த பிரெண்டா பெக் 1965ல காங்கேயம் பக்கம் ஓலப்பாளையத்துல தங்கி அண்ணன்மார் கதைய டேப்புல புடிச்சாங்க. ராத்திரி ஊருக்கு முன்னாடி பாடுனதும் இருக்குது, அதே பாடகர் உக்காந்து சொல்லி எழுத வெச்சதும் இருக்குது. ஆளு ஒண்ணு, கதை ஒண்ணு, ஆனா ரெண்டும் ஒரே மாதிரி இல்ல, கேக்கறவங்க மாறுனா கதையும் மாறும். நீங்க லேப்ல ஐயாவ உக்கார வெச்சு "டம் அடிங்க, டிம் அடிங்க"ன்னு பதிவு பண்ணுனா கெடைக்கறது உடுக்கையோட சத்தம், உடுக்கடிக் கதை இல்ல. எத பதிவு பண்ணறோம்ங்கறத ப்ராஜெக்ட் ரிப்போர்ட்ல எழுதுங்க, எல்லாரும் அத மறைச்சிட்டு "கொங்கு நாட்டுப்புற டேட்டாசெட்"னு பேரு வெச்சுடறாங்க.

லேபிள் விசயத்துல இன்னும் ஜாக்கிரதை. பறை கிளிப்புகளுக்கு "சாவு அடி", "சாமி அடி"ன்னு ரெண்டு டப்பா வெச்சு ஒரு டேட்டா பாத்தேன், மனசு கஷ்டமாப் போச்சு. சாவு வீட்டுல அடிக்கச் சொல்லி கட்டாயப்படுத்துனதும், இனி அடிக்க மாட்டோம்னு அவங்க கீழ வெச்சதும், இப்ப பறைய மேடைக்கு கொண்டு வந்ததும் எல்லாம் அதுக்குப் பின்னால இருக்குது. அத ஒரு வகைப்பாட்டுப் பிரச்சனையா மட்டும் பாக்க முடியாது.

ஃபூரியர்_கோவை:
ஒத்துக்கறேன், ஆனா ஒண்ணு சொல்லட்டுங்களா. இப்படியே ஒவ்வொண்ணுக்கும் தயங்கித் தயங்கித்தான் நம்ம சத்தம் எதுவுமே வெளிய இல்ல. உலகத்துல இருக்கற டூல் எல்லாம் பியானோவுக்கும் ட்ரம் கிட்டுக்கும் பழகி வந்ததுதான், நம்மளது அதுக்குள்ள இல்லாததால உடுக்கைய போட்டா டக்குங்குது. பதிவு பண்ணி திறந்து போட்டாத்தான் மாறும். 2002ல வந்த ஜிடிஸான்னு 1000 கிளிப் டேட்டாவ அத்தனை பேரும் பயன்படுத்துனாங்க, ரிப்பீட்டும் தப்பு லேபிளுமா கெடந்துச்சு, ஆனா திறந்து கெடந்ததாலதான் பிற்பாடு ஒருத்தர் தப்ப கண்டுபிடிக்கவாவது முடிஞ்சுது.

நாட்டார்வழி:
திறக்க வேண்டாம்னு சொல்லலீங்க, யாரக் கேட்டு திறக்கறதுன்னுதான் கேக்கறேன். படுகளத்துல, அதாவது அண்ணன்மார் சாவ நடத்திக் காட்டற சடங்குல, ஆளு விழுந்து கெடக்கறப்ப அடிக்கிற அடிய பதிவு பண்ணி, நாளைக்கு எவனோ விளம்பரத்துக்கு லூப்பா போட்டா? அதுபோக காசு வர்ற எடத்துல பேரு யாருது வரும்? உங்க மிருதங்கப் பேப்பர்ல வித்வானே ஆசிரியர். உடுக்கடிக்கிறவரு பேரு நன்றி சொல்ற கடைசி வரில வர்றது ஏன்? இதெல்லாம் புதுசும் இல்ல. ஆபிரகாம் பண்டிதர் வைத்தியரு, அவருதான் சுருதிக் கணக்கு போட்டு 1917ல கருணாமிர்த சாகரம் எழுதுனாரு. விபுலானந்த அடிகள் சயின்ஸ் படிச்சவரு, 1947ல யாழ் நூல் கொண்டுவந்தாரு. அவங்க பாட்டும் கணக்கும் ரெண்டும் கைல வெச்சிருந்தாங்க. இப்ப நாம ஆள ஆளா பிரிச்சுக்கிட்டதால ஒருத்தர ஒருத்தரு நம்பித்தான் ஆகோணும்.

காங்கேயம்_உடுக்கடி:
சண்டை போடாதீங்க சாமி. அடிக்கச் சொன்னா அடிக்கறேன், எனக்கு ஒண்ணும் கொறைஞ்சு போகாது. படுகளம் அடி மட்டும் தரமாட்டேன், அது சாமி எடத்துலதான் அடிக்கோணும். மத்தது எல்லாம் தர்றேன். எந்த அடிக்கு என்ன பேருன்னு நான் சொல்றேன், நீங்க வெக்க வேண்டாம். எங்கய்யன் சொல்லிக்குடுத்த சொல்லு இருக்குது, அத எழுதிக்கங்க. என்ற பேரும் பையன் பேரும் அதுல மேல இருக்கோணும். மாசி நோம்பி முடியற வரைக்கும் ராத்திரி எங்கயாவது கதை இருக்கும், கையும் தொண்டையும் சும்மா இருக்காது, பங்குனி பொறந்து வாங்க, ஊட்டுலயே உக்காந்து பண்ணிக்கலாம்.

பெருந்துறை_ஈசிஇ:
கண்டிப்பா வர்றனுங்கய்யா. பேரு மேலதான் இருக்கும், கைடுகிட்ட இன்னைக்கே சொல்லிட்டேன், சேவியர் செர்ரா ப்ராஜெக்டையும் மிருதங்கப் பேப்பரையும் காட்டுனதுக்கு அப்பறம் "சரி, பம்ப் டேட்டாவுலயும் அதே மாடல ஓட்டி காட்டு, ரெண்டும் சேத்து எழுதலாம்"னு எறங்கி வந்துட்டாருங்க. பம்ப்செட் அண்ணா, உங்களுக்கு மெசேஜ் போட்டிருக்கறேன்.

ஃபோன் மைக்குல எடுக்கறத விட்டுட்டேன். அது சத்தத்த தானா ஏத்தி எறக்கி, பின்னணிச் சத்தம்னு நெனச்சு உடுக்கையோட வாலையே வெட்டிப்போடுதுங்க. உடுக்கை ஒடம்புல ஒட்ற மாதிரி ஒரு மைக்கும், இடக்கைய மட்டும் பாக்கற மாதிரி ஒரு வீடியோவும் எடுக்கலாம்னு இருக்கறேன், அப்பத்தான் கயித்த எப்ப அழுத்துறாருன்னு சத்தத்தோட பொருத்திப் பாக்க முடியும். ஒட்ற மைக்கு வெலை சாஸ்தியா வருது, என்ன பண்றதுங்க?

கணபதி_பம்ப்செட்:
எதுக்கு வெலை குடுத்து வாங்கற? காந்திபுரத்துல எலக்ட்ரானிக்ஸ் சாமான் விக்கிற கடைல அதிர்வ கரண்டா மாத்தற 27 எம்எம் பியூஸோ வட்டு கேளு, டீக்காசுக்கு குடுப்பான். நாங்க பேரிங் மேல அதத்தான் ஒட்டறோம். தோல் மேல ஒட்டாத, மரத்துல ஒட்டு, டபுள் டேப் போதும்.

ஃபூரியர்_கோவை:
வட்ட நேரா லேப்டாப் மைக் ஓட்டைல குத்திடாதீங்க தம்பி, அடித்தொண்டைச் சத்தம் எல்லாம் காணாமப் போயி தகர டப்பா மாதிரி கேக்கும். பியூஸோவுக்கு 1 மெகாஓம் மாதிரி பெரிய இன்புட் வேணும். கிட்டார் குத்தற ஓட்டை இருக்கற ஆடியோ இன்டர்ஃபேஸ் யாருகிட்டயாவது இரவல் வாங்குங்க, இல்லாட்டி ஜேஃபெட்னு ஒரு வகை ட்ரான்சிஸ்டர் போட்டு பஃபர் சர்க்யூட் கட்டிக்கங்க, ஈசிஇதானே, அதுக்கும் டிபார்ட்மெண்ட் கேக்காதீங்க.

சோமனூர்_தறிவீடு:
காங்கேயம் போறப்ப சொல்லுங்க தம்பி, நானும் ஆடியோமீட்டர் எடுத்துட்டு வர்றேன். ஐயாவுக்கும் அவரு பையனுக்கும் காது பாத்துடலாம்.